இளம் ஓவியரின் உருவ ஓவியக் கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேலரியில் பார்வையாளர்களோடு நின்று பேசுவது என் வேலை. மனித உருவங்களை வரையும் ஓர் இளம் ஓவியர் முதல் தனிக் கண்காட்சி வைக்கும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். பலர் கேட்கத் தயங்கி, ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒருவர் உட்கார்ந்து வரைந்ததை இரண்டு நிமிடத்தில் கடந்து போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. பார்க்க ஆசையில்லாமல் யாரும் உள்ளே வருவதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் போய்விடுகிறார்கள். அவர்களுக்காக இந்தப் பதில்கள்.

உருவ ஓவியம் என்றால் போர்ட்ரெயிட்தானே?

போர்ட்ரெயிட் அதில் ஒரு வகை. கண்ணால் காணும் உலகத்தில் உள்ள எதையாவது அடையாளம் தெரிகிற மாதிரி வரைந்தால் அது உருவ ஓவியம். ஆனால் பேச்சு வழக்கில் மனித உடலை நடுவில் வைத்து வரைந்தவற்றையே பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம். போர்ட்ரெயிட்டில் இன்னார் என்று ஓர் ஆள் இருப்பார். உருவ ஓவியத்தில் அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்து ஓவியர் லினெட் யியாடம் போவாகி வரையும் மனிதர்கள் யாருமே நிஜத்தில் கிடையாது. எல்லாரும் அவர் கற்பனையில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் செருப்பு, ஷூ எதையும் அவர் போடுவதில்லை, ஏனென்றால் காலணியைப் பார்த்தால் இது எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். ஆனாலும் அந்த முகங்களுக்கு முன் நின்றால், இவரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும்.

அதனால் படத்துக்கு முன் நின்றதும் "இது யார்?" என்று மட்டும் கேட்டால், பாதிப் படங்களிடமிருந்து பதில் வராது. இவரை ஓவியர் எப்படிப் பார்த்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், எல்லாப் படமும் பேசும்.

கேமரா வந்து இத்தனை காலமாகியும் ஏன் மனிதர்களைக் கையால் வரைகிறார்கள்?

புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அன்றிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எந்த உருவமும் அடையாளம் தெரியாத அரூப ஓவியம் கொடிகட்டிப் பறந்தபோது, ஆள் உருவம் வரைவது பழைய பஞ்சாங்கம் என்றே பல கலை வட்டாரங்களில் நினைத்தார்கள். நியூயார்க்கில் அந்த அலை அடித்துக்கொண்டிருந்தபோது ஆலிஸ் நீல் தன் பாட்டுக்கு அக்கம்பக்கத்து மனிதர்களையும் நண்பர்களையும் வரைந்துகொண்டிருந்தார். அவர் அதுவரை வரைந்தவற்றைத் திரும்பிப் பார்க்கும் பின்னோக்குக் கண்காட்சியை விட்னி அருங்காட்சியகம் வைத்தது 1974இல், அவருடைய எழுபதுகளில்.

ஏன் வரைகிறார்கள் என்பதற்கு என் பதில், நேரம். சாதாரண போட்டோவில் இருப்பது ஒரு நொடியின் சிறு பகுதி. எதிரில் ஆளை உட்கார வைத்து வரைந்த படத்தில் பல மணிநேரப் பார்வை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. அந்த ஆள் களைத்துப்போனதும், பேசிச் சிரித்ததும், சலித்துக்கொண்டதும் எல்லாம் ஒரே முகத்தில் சேர்ந்துவிடுகின்றன. லூசியன் ஃப்ராய்ட் ஒரு படத்துக்கே மாதக்கணக்கில் ஆளை வரவழைத்து உட்கார வைப்பார். டேவிட் ஹாக்னி நேர்மாறு: 2016இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்டிய 82 உருவப்படங்களில் ஒவ்வொருவருக்கும் அவர் ஒதுக்கியது ஏறக்குறைய மூன்று நாள்தான். எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே அளவு கேன்வாஸ். நாற்காலி மாறாததாலேயே உட்காரும் விதத்தில் மனிதருக்கு மனிதர் எவ்வளவு வித்தியாசம் என்பது பளிச்சென்று தெரிந்தது.

உள்ளே வந்ததும் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதலில் எதையும் படிக்காமல் ஒரு சுற்று வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்று உங்களை நீங்களே கட்டாயப்படுத்த வேண்டாம். கால் எங்கே தானாக நிற்கிறதோ அந்த இரண்டு மூன்று படங்களை மனதில் வைத்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் அவற்றுக்கு மட்டும் நேரம் கொடுங்கள்.

ஒரு படத்தை மூன்று தூரத்திலிருந்து பார்ப்பது நல்ல பழக்கம். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் உடல் எப்படி நிற்கிறது, எடை எந்தக் காலில், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து என்பதெல்லாம் தெரியும். நாலைந்து அடியில் முகம் தெரியும். ஓரடி தூரத்தில் முகம் மறைந்துபோய் வெறும் வண்ணமும் பிரஷ் தடமும் மிஞ்சும். 1656இல் வெலாஸ்கஸ் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தில் இளவரசியின் உடையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அவசரமாக இழுத்துவிட்ட மாதிரி சில வெள்ளி, சிவப்புத் தீற்றல்கள்தான் இருக்கும். பின்னால் நகர்ந்தால் அதே தீற்றல்கள் பட்டாகவும் சரிகையாகவும் கூடிவிடும். எந்த இடத்தில் வண்ணம் துணியாக மாறுகிறது என்று முன்னும் பின்னும் நடந்து கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. இளம் ஓவியர்களின் படங்களிலும் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்.

கிட்டப் போய் நின்றால் எதைக் கவனிப்பது?

நான் முதலில் பார்ப்பது கைகளை. முகத்தை வரைய எல்லாரும் பாடுபடுவார்கள், ஏனென்றால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். கையில்தான் ஓவியரின் பொறுமை தெரியும். விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தால், உண்மையிலேயே பிடித்திருக்கின்றனவா, சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? மணிக்கட்டு எங்கே மடிகிறது? அழுத்தும் விரலின் முட்டி மற்ற இடங்களைவிட வெளுத்துத் தெரிகிறதா? கை வராத ஓவியர் அதைப் பாக்கெட்டுக்குள்ளோ சால்வைக்குள்ளோ ஒளித்து வைப்பதும் உண்டு. ஓர் இளம் ஓவியர் கைகளை ஒளிக்காமல், திணறினாலும் பரவாயில்லை என்று முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தால், அவர்மேல் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

அடுத்தது விளிம்பு. அதாவது கன்னம் முடிந்து பின்னணி தொடங்கும் இடம். எல்லா விளிம்பும் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் உருவம் அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி ஆகிவிடும். தேர்ந்த கை ஒரு பக்கம் கூர்மையாக்கி மறுபக்கம் கரைத்துவிடும். இதற்கு நல்ல உதாரணம், வெர்மீர் சுமார் 1665இல் வரைந்த 'முத்துத் தோடு அணிந்த பெண்'. ஹேக் நகரத்தின் மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் 44.5க்கு 39 சென்டிமீட்டர்தான். அந்தப் பெண்ணின் மூக்குத் தண்டுக்கும் அந்தப் பக்கத்துக் கன்னத்துக்கும் நடுவில் கோடே இல்லை. இரண்டும் ஒரே நிறத்தில் கலந்துவிடுகின்றன. ஆனால் மூக்கு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், நம் கண்ணே அதை வரைந்துகொள்கிறது. அந்த முத்தும் அப்படித்தான். மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே காலரின் வெளிச்சம் பட்ட மெல்லிய சாம்பல் பூச்சு, அவ்வளவுதான். அதைக் காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை.

மூன்றாவது, பார்வை. படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறாரா, வேறெங்கோ பார்க்கிறாரா, பார்ப்பதையே நிறுத்திவிட்டாரா? ஒரே அறையில் எல்லா உருவங்களும் கீழே குனிந்திருந்தால் அது தற்செயலாக இருக்காது. அந்த ஓவியரின் மனம் எங்கே நிற்கிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

தோலில் ஏன் பச்சையும் நீலமும் தெரிகின்றன?

நிஜத் தோலிலும் தெரிவதால்தான். உங்கள் கையை ஜன்னல் பக்கம் நீட்டி உள்மணிக்கட்டைப் பாருங்கள். நரம்பு ஓடும் இடம் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும், விரல் நுனி சிவந்திருக்கும், நிழல் பக்கம் சுற்றியுள்ள சுவரின் நிறத்தை வாங்கிக்கொண்டிருக்கும். தோல் நிறம் என்று ஒற்றை டியூபில் வருவதை அப்படியே பூசினால் பொம்மை மாதிரிதான் இருக்கும்.

13, 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் முகத்துக்கு அடியில் பச்சை மண் நிறத்தைப் பூசிவிட்டு அதன்மேல் இளஞ்சிவப்பைக் கோடு கோடாக ஏற்றுவார்கள். அடிப்பச்சையும் மேற்சிவப்பும் சேர்ந்து உயிருள்ள தோலாகத் தெரியும். பல படங்களில் காலப்போக்கில் மேல் நிறம் தேய்ந்துபோய், இன்று அந்த முகங்கள் பச்சையாகவே இருக்கின்றன.

கறுப்புத் தோலின் செழுமையைப் பார்க்க அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் படங்களைச் சொல்வேன். அவர் ஒரு கறுப்பை மட்டும் வைத்து வரைவதில்லை. எலும்புக் கரியில் வரும் கறுப்பு, புகைக்கரிக் கறுப்பு, இரும்பு ஆக்சைடு கறுப்பு என்று மூன்று கறுப்புகள், அவற்றோடு கலக்கும் நீலமும் பச்சையும் பழுப்பும். நேரில் நின்று பார்த்தால்தான் அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வரும். மொபைல் திரையில் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும்.

முகம் அச்சு அசலாக இல்லையே, வரையத் தெரியாதவரோ?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

பிக்காசோ 1905, 1906இல் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனை வரைந்தார். ஸ்டைன் சொன்ன கணக்குப்படி எண்பது தொண்ணூறு முறை அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அத்தனைக்கும் பிறகு பிக்காசோ முகத்தை மட்டும் அழித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் ஸ்டைன் எதிரில் இல்லாமலே முகத்தை முகமூடி போல வரைந்து முடித்தார். சாயலே இல்லை என்று பலர் சொன்னார்கள். இன்று ஸ்டைன் என்றதும் பலருக்கு நினைவில் வருவது அந்த முகம்தான். அந்தக் கனத்த உடலுக்கும் அந்தக் கல் முகத்துக்கும் பொருத்தம் இருக்கிறது. முழுப் படமும் ஒரே தீர்மானத்தில் நிற்கிறது.

நான் தேடுவது அந்தத் தீர்மானத்தைத்தான். கை நீளமாக இருக்கிறதா? அப்படியானால் படத்தில் மற்ற இடங்களிலும் அந்த நீளத்துக்குப் பதில் சொல்லும் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தும் நாற்காலிக் காலும் ஜன்னலும்கூட நீண்டிருந்தால் ஓவியர் வேண்டுமென்றே செய்திருக்கிறார். எல்லாம் சாதாரண அளவில் இருக்க, ஒரு தோள்பட்டை மட்டும் இடம் தவறி நின்றால், அங்கே அவர் தடுமாறியிருக்கிறார். இளம் ஓவியர் கண்காட்சியில் இரண்டு வகையும் இருக்கும், சில சமயம் ஒரே படத்திலேயே இருக்கும். தடுமாறிய ஒரு தோளுக்காக மொத்தப் படத்தையும் தள்ளிவிடாதீர்கள்.

போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் அது ஏமாற்று வேலைதானே?

இல்லை. டெகா போட்டோக்களைப் பயன்படுத்தினார். ஃபிரான்சிஸ் பேகனுக்கு ஆள் எதிரில் உட்கார்ந்தால் கை ஓடாது; ஜான் டீக்கின் என்பவரை நண்பர்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி, அந்தக் கசங்கிய போட்டோக்களை வைத்துக்கொண்டே வரைந்தார். ஆக, போட்டோ ஒரு கருவி.

ஆனால் போட்டோவுக்கு அடிமையாகிவிட்டால் படத்தில் தெரிந்துவிடும். கேமரா கிட்டத்தில் இருந்து எடுத்தால் மூக்கும் முன்னால் நீட்டிய கையும் பெரிதாகும், காது பின்வாங்கும். நிழல்கள் அடைத்துப்போய்க் கறுப்பாகும். நம் கண்ணுக்கு அந்த நிழலுக்குள்ளும் நிறம் தெரியும். படத்தில் எல்லா நிழலும் செத்துப்போயிருந்தால், சிரிப்பு ஒரு நொடியில் உறைந்த பல்வரிசையாக இருந்தால், ஓவியர் போட்டோவைத் தாண்டி வரவில்லை என்று பொருள். எந்தப் படம் எதைப் பார்த்து வரைந்தது என்று ஓவியரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள்.

நிர்வாண ஓவியங்கள் இருக்கின்றன. குழந்தைகளைக் கூட்டிவரலாமா? எனக்கே கூச்சமாக இருக்கிறதே.

கூச்சம் வருவது தப்பில்லை. பல கேலரிகளில் வாசலிலேயே அறிவிப்பு வைத்திருப்பார்கள், இல்லையென்றால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடலாம். குழந்தைகளை அழைத்து வருவது பெற்றோரின் முடிவு. என் அனுபவத்தில் பெரியவர்கள் நெளியும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் "இவர் ஏன் சோகமா இருக்கார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

உடலை வரையக் கற்பது உருவ ஓவியத்தின் அடிப்படைப் பயிற்சி. எலும்பும் தசையும் எங்கே என்று தெரியாமல் உடையைக்கூடச் சரியாக வரைய முடியாது. அதைத் தாண்டி, உடல் எப்படிப் பார்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 1865இல் மனேயின் 'ஒலிம்பியா' பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில் தொங்கியபோது எழுந்த கூச்சல், அந்தப் பெண் ஆடையில்லாமல் இருந்ததால் மட்டும் வந்ததில்லை. அதே சுவர்களில் தேவதைகள் என்ற பெயரில் எத்தனையோ நிர்வாணங்கள் தொங்கின. இந்தப் பெண் தன் காலத்து நிஜப் பெண்ணாக, பார்ப்பவர் கண்ணை நேராகப் பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்கு மாடலாக இருந்த விக்டோரின் மெரான் தானே ஓவியராகி, 1876 சலோனில் தன் படத்தைக் காட்டினார். அந்த வருடம் மனேயின் படங்களைத் தேர்வுக்குழு நிராகரித்திருந்தது.

ஆலிஸ் நீல் 1980இல், தன் எண்பதாவது வயதில், கையில் பிரஷ்ஷோடு தன்னையே நிர்வாணமாக வரைந்து காட்டினார். தளர்ந்த வயிறு, சிவந்த கன்னம், எதையும் மறைக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபின் உடல் என்ற சொல்லுக்கே என் மனதில் இடம் பெரிதாகிவிட்டது.

மாடலாக இருந்தவர்களுக்கு இது சம்மதம்தானா?

சம்மதம் இருந்தே ஆக வேண்டும், அதுவும் இரண்டு விஷயங்களுக்கு: வரைவதற்கு, பொதுவில் காட்டுவதற்கு. உட்காரச் சம்மதித்தவர் சுவரில் தொங்கவும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் வாங்கி வைப்பது இருவருக்கும் பாதுகாப்பு. நண்பரோ குடும்பத்தாரோ ஆனாலும் இதுதான் முறை.

சம்மதித்து உட்கார்ந்தாலும் பின்விளைவு பெரிதாகலாம். சார்ஜெண்ட் 1884இல் 'மேடம் எக்ஸ்' படத்தை பாரிஸில் காட்டியபோது அந்தப் பெண்ணின் உடையில் ஒரு தோள்பட்டி நழுவியிருந்தது. அதற்கே ஊர் கொதித்தது. படத்தை எடுத்துவிடச் சொல்லி அந்தப் பெண்ணின் தாய் கெஞ்சினார். சார்ஜெண்ட் பிறகு தோள்பட்டியை மேலே ஏற்றி வரைந்துவிட்டு, லண்டனுக்கே குடிபெயர்ந்தார். சுவருக்கு வந்த முகம் ஒரு நிஜ மனிதருடையது என்பதைப் பார்க்கிற நாமும் மறக்காமல் பேசினால் நல்லது. "என்ன இவ்வளவு குண்டா இருக்காங்க" என்று சத்தமாகச் சொல்லும்போது அவர் அதே அறையில் நின்றுகொண்டிருக்கலாம்.

இத்தனை சின்ன வயதில் தனிக் கண்காட்சி வைக்கலாமா?

அம்ரிதா ஷெர்கில் 'இளம்பெண்கள்' படத்தை வரைந்தது 1932இல், 19 வயதில். மறு வருடம் பாரிஸ் சலோனில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1941இல் அவர் இறந்தபோது வயது 28. ஆஸ்திரிய ஓவியர் எகான் ஷீலேயும் 28இல் போய்விட்டார். ஜெரிக்கோ 'மெடூசாவின் தெப்பம்' படத்தை 1819இல் காட்டியபோது அவருக்கு 27. படமோ ஏறக்குறைய 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். ஜென்னி சாவில் 1992இல் கல்லூரி இறுதிக் கண்காட்சியில் வைத்த படம் ஒன்றே எல்லாரையும் அவரைப் பற்றிப் பேச வைத்தது.

இதையெல்லாம் சொல்வது எந்த இளம் ஓவியரையும் இவர்களோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காக இல்லை. ஒப்பிட்டால் பாவம், யார் தாங்குவார்கள்? இளமையில் வரைந்ததும் முழுமையான வேலையாக இருக்க முடியும் என்பதற்காகவே சொல்கிறேன். "நல்ல முயற்சி, இன்னும் வளரணும்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவது படத்தைப் பார்க்காமலே போவதற்குச் சமம்.

அதே நேரத்தில் முதல் கண்காட்சிக்கு என்று சில குணங்கள் உண்டு. பிடித்த ஓவியர்களின் சாயல் தெரியும்: அங்கே ஒரு ஃப்ராய்ட் தோள், இங்கே ஒரு ஷீலே முழங்கை. எல்லாருமே அப்படித்தான் கற்றார்கள். எந்தப் படத்தில் சாயல் விலகி, வேறு யாரிடமும் பார்க்காத ஒன்று எட்டிப் பார்க்கிறது என்று தேடுங்கள். அது ஒரு மூலையில், ஒரு திரைச்சீலையின் மடிப்பில்கூட இருக்கலாம். படங்களுக்குக் கீழே உள்ள ஆண்டைப் பார்த்துக்கொண்டே போனால் கை எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும். அதைக் கண்கூடாகப் பார்க்கும் வாய்ப்பு பெரிய பெயர்களின் கண்காட்சிகளில் அவ்வளவாகக் கிடைக்காது.

சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்க வேண்டுமா?

படத்தைப் பார்த்த பிறகு படியுங்கள். முதலிலேயே படித்தால் குறிப்பில் சொன்னது மட்டுமே கண்ணில் படும். 'தலைப்பில்லாதது' என்று எழுதியிருந்தால் ஓவியருக்கு எழுத வரவில்லை என்று நினைக்க வேண்டாம். வார்த்தையால் நம்மைத் திசைதிருப்ப விரும்பவில்லை. அளவு எழுதும்போது பெரும்பாலும் முதலில் உயரம், அப்புறம் அகலம்.

ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்?

கணக்கு எதுவும் இல்லை. ரெம்பிராண்டின் 'யூத மணப்பெண்' படத்துக்கு முன் உட்கார்ந்த வான்கோ, காய்ந்த ரொட்டித் துண்டு மட்டும் கிடைத்தாலும் இங்கேயே இரண்டு வாரம் இருக்க என் ஆயுளில் பத்து வருடத்தைக் கொடுப்பேன் என்ற பொருளில் சொன்னதாக, கூடப் போன நண்பர் எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். சலிப்புத் தட்டிய பிறகு இன்னும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பல நேரம் படம் திறப்பது அந்த நிமிடத்தில்தான்.

எல்லாப் படமும் ஒரே உயரத்தில் தொங்குவது ஏன்? வெளிச்சம் சில இடத்தில் மங்கலாக இருக்கிறதே?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுவது கேலரி வழக்கம். நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டிய கணக்கு இது. ஆள் உயரப் படங்களைச் சில ஓவியர்கள் வேண்டுமென்றே தாழ்த்தி மாட்டச் சொல்வார்கள், உருவத்தின் பாதம் நம் தரையிலேயே நிற்பது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக.

வெளிச்சத்துக்குக் காரணம் பாதுகாப்பு. காகிதத்தில் வரைந்த நீர்வண்ணமும் கோட்டோவியமும் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. எண்ணெய் வண்ணம் 200 லக்ஸ் வரை தாங்கும்.

தொடலாமா? போட்டோ எடுக்கலாமா?

தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் கறையாகும். புதுப் படமென்றால் இன்னும் ஆபத்து. எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. மேலே காய்ந்தது போலிருந்தாலும் தடித்த பூச்சுக்குள் பல மாதம் ஈரம் இருக்கும். போட்டோவுக்குக் கேலரியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறதே, என்ன அர்த்தம்?

அந்தப் படம் விற்றுவிட்டது. வேறு நிறப் பொட்டோ பாதிப் பொட்டோ இருந்தால் பெரும்பாலும் யாரோ ஒருவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். விற்ற படத்தையும் கண்காட்சி முடியும்வரை இறக்க மாட்டார்கள்.

விலையில் ஓவியருக்கு எவ்வளவு போகும்?

கேலரிக்குக் கேலரி மாறும். சரிபாதி என்பது பரவலான வழக்கம். மீதிப் பாதியில்தான் கேலரி இடம், ஆள், விளம்பரம், திறப்பு விழா எல்லாம் நடத்துகிறது. ஓவியர் தன் பாதியிலிருந்து கேன்வாஸ், வண்ணம், ஃபிரேம், ஸ்டூடியோ வாடகை, மாடலுக்கான தொகை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதனால் இளம் ஓவியரிடம் "கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்று நேரடியாகப் பேரம் பேசுவதைத் தவிர்க்கலாம். தவணையில் தரலாமா என்று கேலரியில் கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பெரிய படம் எட்டாவிட்டால், அதற்காகப் போட்ட கரிக்கோட்டுப் பயிற்சிப் படங்கள் விற்பனைக்கு உண்டா என்றும் விசாரியுங்கள். முடிந்த ஓவியத்தைவிட அந்தத் தாள்களில்தான் ஓவியரின் கை இன்னும் சுதந்திரமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வாங்கினால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ரசீது, படம் தன்னுடையதுதான் என்று ஓவியர் கையெழுத்திட்ட உறுதிச் சான்று, எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா என்ற ஊடக விவரம், எந்த ஆண்டு. எண்ணெய் ஓவியம் என்றால் வார்னிஷ் அடித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுத்தே இறுதி வார்னிஷ் அடிப்பார்கள். புதுப் படமென்றால் பிறகு ஓவியரே வந்து அடித்துத் தருவாரா என்று பேசிக்கொள்ளலாம். வீட்டில் நேர் வெயில் படும் சுவரும், ஈரம் கசியும் சுவரும், அடுப்புக்குப் பக்கமும் வேண்டாம். இன்னொன்று: படம் உங்களுடையது ஆனாலும், எழுதிக் கொடுக்காதவரை அதைப் பிரதி எடுக்கும் உரிமை பெரும்பாலான நாடுகளில் ஓவியரிடமே இருக்கும். காலண்டரிலோ புத்தக அட்டையிலோ போட அனுமதி வாங்க வேண்டும்.

வாங்கும் எண்ணமே இல்லை. சும்மா பார்க்க வரலாமா?

தாராளமாக. கேலரி பெரும்பாலும் இலவசம், வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்க்கத்தான் வருகிறார்கள். திறப்பு விழா அன்று கூட்டமும் பேச்சுமாக இருக்கும், படம் கண்ணில் படாது. நிம்மதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில், காலையில் வாருங்கள்.

ஒரு படமும் பிடிக்கவில்லை என்றால்?

பிடிக்கவில்லை என்று நினைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. ஏன் என்று மட்டும் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். நிறமா, அந்த முகங்களின் இறுக்கமா, எல்லாப் படமும் ஒரே மாதிரி இருப்பதா? காரணம் கிடைத்துவிட்டால் அதுவும் பார்த்ததுதான்.

ஓவியர் அங்கேயே நிற்கிறார். அவரிடம் என்ன பேசுவது?

அவர் உங்களைவிட அதிகமாகத் தயங்கிக்கொண்டிருப்பார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஆரம்பித்தால் இருவருக்கும் கஷ்டம். நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: "இந்தக் கைக்குக் கீழே பழைய கோடு ஒன்று தெரிகிறதே, முதலில் கை வேறு இடத்தில் இருந்ததா?" இப்படி ஒரு கேள்வி போதும், அவர் முகமே மாறிவிடும். தான் அழித்து வரைந்த இடத்தை ஒருவர் கவனித்துவிட்டார் என்பதைவிட ஓர் ஓவியருக்கு வேறென்ன வேண்டும்? எந்தப் படம் அதிகம் தொல்லை கொடுத்தது, எதை இங்கே மாட்டாமல் விட்டுவிட்டீர்கள், யார் எதிரில் உட்கார்ந்தார்கள் என்று அங்கிருந்து பேச்சு தானாகப் போகும்.

பேசத் தயக்கமாக இருந்தால் வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். "அருமை, வாழ்த்துகள்" என்பதோடு நிறுத்தாமல் எந்தப் படம், அதில் எந்த இடம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கண்காட்சி முடிந்ததும் ஓவியர்கள் அந்த நோட்டை வரி விடாமல் படிக்கிறார்கள்.